'எ சைல்ட் கால்ட் இட்' படித்தவர்கள் இருக்கிறீர்களா? எனக்கு ஒரு குழப்பம்

இரவுவாசகி:
டேவ் பெல்சர் எழுதிய 'எ சைல்ட் கால்ட் இட்' புத்தகத்தை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் முடித்தேன். ஒரே மூச்சு என்று சொன்னாலும் நடுவில் இரண்டு தடவை கவிழ்த்து வைத்துவிட்டு, தூங்குகிற என் பையனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 1995இல் வந்த புத்தகம். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவை ஒட்டியிருக்கும் டேலி சிட்டியில் தன் சிறு வயதில் நடந்ததாக அவர் சொல்லும் கதை. குடியில் மூழ்கிய அம்மா, தீயணைப்பு வீரரான அப்பா, வீட்டில் பல பையன்கள், அதில் இவன் ஒருவனுக்கு மட்டும் அடி, பட்டினி, கராஜில் படுக்கை. அடுப்பில் கையைக் காட்டிச் சுட்டது, அம்மோனியாவைக் குடிக்க வைத்தது எல்லாம் வருகிறது.

காலையில் சும்மா இல்லாமல் இணையத்தில் தேடினேன். சகோதரர்களில் ஒருவர் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று மறுத்திருக்கிறார், 2002இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழ் இவரைச் சந்தேகப்பட்டு நீளமாக ஒரு கட்டுரை போட்டிருக்கிறது. இப்போது ராத்திரி அழுததை நினைத்தால் ஏமாந்த மாதிரி இருக்கிறது, அடி வாங்கிய ஒருவரைச் சந்தேகப்படுகிறேனே என்று அதைவிடக் கூசுகிறது. நீங்கள் எல்லாம் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

சுண்ணாம்புக்கட்டி:
நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அதனால் எனக்கு அம்மா செய்த கொடுமைகளைவிட முதல் அத்தியாயம்தான் நின்றது. கதை கடைசியிலிருந்துதான் தொடங்குகிறது, ஞாபகம் இருக்கிறதா? 1973 மார்ச் 5, பையனுக்கு 12 வயது. பள்ளி நர்ஸ் அவன் உடம்பைப் பார்த்து, பழைய தழும்பு எது, புதுக் காயம் எது என்று தன் கோப்போடு ஒப்பிடுகிறார். அவர் ஒன்றும் பெரிய வீரச் செயல் செய்யவில்லை, குறித்து வைத்தார், அவ்வளவுதான். கடைசியில் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து போலீஸைக் கூப்பிட அந்தக் கோப்புதான் கையில் இருந்தது.

அதற்கு முன்னால் ஒரு தடவை நலத்துறையிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வருவார். அந்தச் சமயத்தில் மட்டும் அம்மா தேனாக மாறிவிடுவாள், பையனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவான். பெற்றவர் முன்னால் வைத்துப் பிள்ளையிடம் "வீட்டில் அடிக்கிறார்களா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? நானே அப்படிக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது. அவன் மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டைத் திருடித் தின்பான், வகுப்பே அவனைத் திருடன் என்று ஒதுக்கும். என் வகுப்பிலும் டிபன் பாக்ஸ் காணாமல் போயிருக்கிறது. எடுத்தது யார் என்று விசாரித்தேனே தவிர, அவனுக்கு ஏன் பசித்தது என்று யோசிக்கவில்லை.

பழையபேப்பர்:
எனக்குப் புத்தகம் பிடிக்கவில்லை, திட்டினாலும் பரவாயில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் முந்தையதைவிடப் பெரிய கொடுமையோடு வந்து நிற்கிறது, சின்னப் பையன் எத்தனையோ வருடம் முன்னால் கேட்ட பேச்செல்லாம் மேற்கோள் குறிக்குள் அட்சரம் பிசகாமல் வருகிறது. இதைக் கேட்டால் உடனே "நீ கல் நெஞ்சக்காரன்" என்கிறார்கள். இந்த வகைப் புத்தகங்கள் விற்ற விற்பனைக்கு பிரிட்டனில் கடைகளில் தனி அலமாரியே வைத்தார்கள். வாங்கி வாங்கிப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குழந்தைக்காகப் படித்தார்கள், எத்தனை பேர் அடுத்த அடிக்காகப் படித்தார்கள்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நானும் விடியற்காலை 3 மணி வரை புரட்டினவன்தான்.

ஆனால் இரவுவாசகி, நீங்கள் பாதியில் தேடலை நிறுத்திவிட்டீர்கள். ரிச்சர்ட் என்று ஒரு தம்பி இருக்கிறார், 2005இல் அவரும் ஒரு புத்தகம் எழுதினார். அண்ணனை வீட்டைவிட்டுக் கூட்டிக்கொண்டு போனதும் அம்மாவின் கை தன் பக்கம் திரும்பியது என்கிறார். அதைவிட முக்கியம், அண்ணன் வீட்டில் இருந்தவரை அவனை மாட்டிவிட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். சின்ன வயதில் செய்ததை இப்படி ஒருவர் தானாக வந்து எழுதுகிறார் என்றால் அதை லேசாகத் தள்ள முடியாது. ஒவ்வொரு வரியும் அப்படியே நடந்ததா என்பது ஒரு கேள்வி, அந்த வீட்டில் ஒரு குழந்தை வதைபட்டதா என்பது வேறு கேள்வி. முதலாவதில் எனக்குச் சந்தேகம் உண்டு, இரண்டாவதில் இல்லை.

தயிர்வடை:
இடையில் ஒரு சின்ன விஷயம். தலைப்பில் இருக்கிற 'இட்'டைத் தமிழில் 'அது' என்று போட்டால் அந்தச் சூடு வராது, கவனித்தீர்களா? நாம் பிள்ளையைக் கொஞ்சும்போதே "அது தூங்குது, அது சாப்பிடலை" என்றுதான் சொல்கிறோம். அந்த அம்மா அவனைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்ட 'இட்' அஃறிணைகூட இல்லை, குப்பையைச் சொல்கிற மாதிரி. 'சனியன்' என்று போட்டால் ஓரளவு கிட்டே வரும் என்று நினைக்கிறேன்.

நடுப்பிள்ளை:
சகோதரர் மறுத்தார் என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர், அப்பா பெல்ட்டைக் கழற்றினால் அது எனக்குத்தான். ஏன் நான் என்று இன்றுவரை தெரியாது. இப்போது வயது 44. போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது ஏதோ பேச்சில் அதைச் சொன்னேன். அண்ணன் சிரித்துக்கொண்டே "அந்தக் காலத்துல யாரு வீட்டுலடா அடிக்கல, உனக்கு எல்லாமே பெருசா தெரியும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவன் ஞாபகத்தில் அப்பா சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், கடைசி பஸ்ஸில் வந்தாலும் பரோட்டா வாங்கி வந்தவர். அந்தப் பரோட்டாவை நானும்தான் தின்றேன். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே, அடி விழும்போதெல்லாம் அடுத்து அணைப்பு வரும் என்று காத்திருக்கப் பழகிவிட்டேன்.

புத்தகத்தில் எல்லோரும் அம்மோனியாவைத்தான் பேசுகிறார்கள். என்னால் தாண்ட முடியாத இடம் கத்திக் குத்து வாங்கின பிறகு வருகிறது. பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் ரத்தத்தோடு போய்ச் சொல்கிறான், அவர் திரும்பப் போய்ப் பாத்திரத்தைக் கழுவு என்கிறார். அடிக்கிறவரைக்கூட ஒருவிதமாகப் புரிந்துகொள்ளலாம், பேப்பரை மடிக்காமல் உட்கார்ந்திருக்கிறவரை முடியவில்லை. எங்கள் வீட்டில் அது பேப்பர் இல்லை, அம்மாவும் டிவி சீரியலும்.

சுண்ணாம்புக்கட்டி:
நடுப்பிள்ளை, எழுதியதற்கு நன்றி. நான் உங்களை நம்புகிறேன், அண்ணன் சொன்னதை அப்படியே விடுங்கள். இதைப் படிக்கிற யாருக்காவது பக்கத்து வீட்டுப் பிள்ளை பற்றிச் சந்தேகம் இருந்தால், 1098 இலவச எண், குழந்தையே கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம்.

இரவுவாசகி:
எல்லோருக்கும் நன்றி. தம்பி புத்தகம் எனக்குத் தெரியாது, தேடுகிறேன். நடுப்பிள்ளை எழுதியதைப் படித்தபிறகு 'சகோதரர் மறுத்தார்' என்ற வரியை நான் எவ்வளவு சுலபமாகச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன் என்று இருக்கிறது. என் அக்காவிடமும் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், நாலைந்து வருடமாகத் தள்ளிப் போடுகிறேன். அப்புறம், கலிபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றங்கரையில் சூரியன் இறங்கும்போது அம்மா அவனைப் பின்னாலிருந்து அணைத்துக்கொள்ளும் பக்கம் இருக்கிறதே, எல்லாம் கெட்டுப் போவதற்கு முன்னால். நேற்று அதை வேகமாகத் தாண்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை நூலகத்தில் திருப்பித் தர வேண்டும், அதற்குள் அதை மட்டும் மறுபடி படிக்கிறேன்.