புதுப்பிப்பு: ஆயுள் கைதிகள் சிறுவர்களை மிரட்டும் அந்தச் சிறை ஆவணப்படம் கிடைத்துவிட்டது

குற்றப் பாதையில் போகக் கூடாது என்று ஆயுள் கைதிகள் விடலைப் பிள்ளைகளை உட்கார வைத்து மிரட்டும் பழைய அமெரிக்க டிவி ஆவணப்படம் எது, பார்த்த மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிறையின் பெயரைப் போட்டுத் தேடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. நியூ ஜெர்சியின் ராவே சிறை. படம் ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்!’, 1978. தொகுத்து வழங்கியவர் டிவி தொடரில் துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக். வந்திருக்கும் பிள்ளைகள் 17 பேர். கைதிகள் அவர்கள் முகத்துக்கு அருகே குனிந்து தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்தக் கெட்ட வார்த்தைகளை வெட்டாமலே ஒளிபரப்பியிருக்கிறார்கள்.

பார்த்தவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். 1979இல் ஆஸ்கரும் கிடைத்தது. ‘எங்கள் ஊரிலும் இது வேண்டும்’ என்று பல மாநிலங்கள் இதே மாதிரி திட்டங்களைத் தொடங்கின.

நான் எதிர்பார்க்காதது இனிமேல்தான். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபின்கெனாவர், ராவே திட்டத்துக்குப் போனவர்களைப் போகாதவர்களோடு ஒப்பிட்டார். அதன் பிறகு குற்றத்தில் சிக்கியவர்கள் போனவர்களில் சுமார் 41 சதவீதம், போகாதவர்களில் சுமார் 11. சரி, ஒரே ஆய்வுதானே என்று பார்த்தால், இத்தகைய 9 சோதனைகளை அலசிய 2002ஆம் ஆண்டு மதிப்பாய்வும் இது தீங்கே செய்கிறது என்கிறது. பார்வையாளர்களின் உருக்கம் உண்மையானது. ஆனால் அதை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், தேடுபவர்களுக்கு: பிற்காலத் தொடர்களும் இதே மாதிரி பெயரில் வந்து விழும். பெயரோடு ராவே, 1978 இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.