பொட்டாசியம் நைத்திரேற்று எங்கும் இல்லை, செடிகளில் ஓட்டை விழுகிறது: யாழ்ப்பாணத்தில் என்ன செய்யலாம்?

வலிகாமத்துப் பாசி | ஒக்டோபர் 2021

எல்லோருக்கும் வணக்கம். மே 6ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றுபோனது. வெங்காயம் வைத்தவர்களும் நெல் விதைத்தவர்களும் தலையில் கைவைத்துக்கொண்டிருக்கும்போது மீன்தொட்டிக்குப் பசளை கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என்னுடையது 24 x 12 x 15 அங்குலத் தொட்டி. செடிகள் ஹைக்ரோபிலா, வலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் வென்ட்டி, ஒரு சிவப்பு லுட்விஜியா. மீன்கள் கப்பியும் சில நியோன் டெட்ராவும். எல்.ஈ.டி. விளக்கு நாளுக்கு பத்து மணி நேரம். காபனீரொட்சைட்டு கொடுப்பதில்லை. அடியில் ஆற்றுமணல் மட்டும்.

இதுவரை விவசாயக் கடையில் வாங்கிய பொட்டாசியம் நைத்திரேற்றையும், கொழும்பிலிருந்து எடுப்பித்த நுண்போசணைத் திரவத்தையும் கொண்டு சமாளித்தேன். இரண்டும் முடிந்துவிட்டன. கடையில் கேட்டால் இல்லை என்பதோடு நிற்கவில்லை, "எதற்குத் தம்பி அது?" என்று மேலும் கீழும் பார்க்கிறார்கள். வெடிமருந்தில் சேரும் பொருள் என்பதால் நம் ஊரில் அந்தப் பார்வைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மண்ணில்லாமல் நீரில் பயிர் வளர்ப்பவர்கள் பாவிக்கும் அல்பேட் கரைசல் பொதியும் அகப்படவில்லை.

இப்போது ஹைக்ரோபிலாவின் கீழ் இலைகளில் குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டைகள், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம். வலிஸ்னேரியாவின் பழைய இலைகள் முழுதாக வெளிறுகின்றன. லுட்விஜியாவின் புதுக் கொழுந்து வெண்மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சாம்பல், வாழைப்பழத் தோல், யூரியா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடலாம்?

மட்டுவாவி

யாராவது விவசாயியிடம் ஒரு கைப்பிடி யூரியா வாங்கி, ஒரு சிட்டிகை போடுங்கள். 46 சதவீதம் நைதரசன். நான் போட்டிருக்கிறேன், மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொட்டிக்கிழங்கு

மட்டுவாவி அண்ணா, உங்கள் தண்ணீரில் ஆகாமல் இருந்திருக்கலாம். யூரியா உடைந்து அமோனியாவாகும். பீ.எச்., அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 7க்குக் கீழே என்றால் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அமோனியமாகவே இருக்கும், செடி எடுத்துக்கொள்ளும். 8க்கு மேலே போனால் நச்சான பங்கு பல மடங்கு கூடும். சிட்டிகை என்பது ஒருவருடைய விரலுக்கும் மற்றவருடைய விரலுக்கும் வேறு. இதை இப்போதைக்குத் தள்ளிவைப்போம்.

வலிகாமத்துப் பாசி, நீங்கள் எழுதியதில் ஒன்றுதான் இல்லை. தொட்டிக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர்? வீட்டுக் கிணறா?

வலிகாமத்துப் பாசி

இல்லை. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு, கேத்திலில் வெள்ளையாகப் படிகிறது, டெட்ராவுக்கு ஆகாது என்றார்கள். அதனால் கலனில் வரும் வடிகட்டிய குடிநீர்தான் ஊற்றுகிறேன். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

கொட்டிக்கிழங்கு

அப்படியென்றால் நீங்கள் தேடித் திரியும் பசளையில் பாதி உங்கள் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது.

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறைக்குள் நிற்பது. கல்சியம் தாராளம். வலிகாமத்தில் அதற்கு மேலே செம்மண், அதில் தலைமுறை தலைமுறையாக வெங்காயம், மிளகாய், புகையிலை. போட்ட பசளையில் பயிர் எடுக்காத நைத்திரேற்று நேரே கீழே இறங்கிக் கிணற்றில் சேர்ந்திருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் உண்டு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இறக்குமதி இந்த ஆண்டு நின்றதால் கிணற்றிலிருப்பது உடனே குறைந்துவிடாது.

நீங்கள் ஊற்றும் வடிகட்டிய நீரில் கல்சியம், மக்னீசியம், நைத்திரேற்று எல்லாம் பெரும்பகுதி பிடித்தெடுக்கப்பட்டுவிடுகிறது. முன்பு பொட்டாசியம் நைத்திரேற்று அந்த வெறுமையை மூடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் குறை வெளியே தெரிகிறது.

முதலில் ஒரு நைத்திரேற்றுச் சோதனைத் திரவம் யாரிடமாவது இரவல் வாங்கிக் கிணற்று நீரைப் பாருங்கள். 30, 40 என்று காட்டினால் நைதரசனுக்காக எங்கும் அலைய வேண்டாம். வாராந்தம் தண்ணீர் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கிணற்று நீர், மீதி வடிகட்டியது என்று தொடங்கி, பிறகு பாதிக்குப் பாதி. கப்பிக்குக் கடின நீர்தான் விருப்பம். டெட்ராவும் கலப்பு நீருக்குப் பழகிவிடும். ஆனால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். தொட்டியில் அமோனியம் தேங்கியிருந்தால், சுண்ணாம்புக் கிணற்று நீரால் பீ.எச். திடீரென ஏறும்போது அதுவே அமோனியாவாகி மீன்களை அடிக்கும்.

விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். வெளிச்சம் கூடக்கூடச் செடிக்குப் பசி கூடும். கொடுக்க இல்லாத நேரத்தில் பசியைத் தூண்டுவானேன்?

பழைய ஆய்வுகூடம்

பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பி கொட்டிக்கிழங்கு சொன்னது சரி. ஆனால் கிணறு பொட்டாசியத்தை அவ்வளவாகத் தராது, இரும்பைத் தரவே தராது. ஹைக்ரோபிலாவில் குண்டூசி ஓட்டை என்றால் பொட்டாசியக் குறை. கொழுந்து வெளிறி நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. வலிஸ்னேரியாவின் பழைய இலை முழுதாக மஞ்சளாவது நைதரசன். மூன்றும் சேர்ந்தே இருக்கிறது.

பொட்டாசியத்துக்கு எம்.ஓ.பி. தேடுங்கள், இளஞ்சிவப்பாக உப்புக்கல்போல் இருக்குமே, அதுதான். பொட்டாசியம் குளோரைட்டு. அதற்கு வெடிமருந்துச் சந்தேகம் எதுவும் கிடையாது. மூட்டை கிடைக்காது, ஆனால் தோட்டம் செய்கிற எந்த வீட்டிலும் பழைய பையின் அடியில் கொஞ்சம் கட்டிபட்டுக் கிடக்கும். விவசாயிக்கு இப்போது ஒவ்வொரு கிலோவும் பொன். நமக்கு வேண்டியது 30 கிராம், கேட்டால் தருவார்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அந்த 30 கிராமை அரை லீற்றர் வடிகட்டிய நீரில் கரைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரைப் போத்தலில் எடுங்கள். உங்கள் தொட்டியில் மணல் போக உண்மையில் 60 லீற்றர்தான் இருக்கும். கரைசலில் 10 மில்லிலீற்றர் விட்டால் லீற்றருக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பொட்டாசியம் கூடும். வாரம் இரு தடவை போதும். தராசு இல்லையென்றால், தட்டித் தேய்த்த ஒரு தேக்கரண்டி ஐந்தாறு கிராம் வரும். குளோரைட்டு பற்றிப் பயம் வேண்டாம், நம் கிணறுகளில் அதைவிடப் பல மடங்கு ஏற்கனவே இருக்கிறது.

சாம்பல் கேட்டீர்கள். தேங்காய்ப் பொச்சுச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய உண்டு, உண்மை. ஆனால் ஒரு பகுதி காபனேற்றாக இருப்பதால் பீ.எச்.சை ஏற்றும். ஒவ்வொரு அடுப்புச் சாம்பலும் ஒவ்வொரு அளவு. எம்.ஓ.பி. அறவே கிடைக்காதபோது பார்க்கலாம். வாழைப்பழத் தோல் தொட்டிக்குள் அழுகும், நீர் கலங்கும், அவ்வளவுதான் பயன்.

மக்னீசியம் ஐயமாக இருந்தால் பாமசியில் எப்சம் உப்பு கிடைக்கும். 60 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் 5 மில்லிகிராம் அளவு கூடும். கிணற்று நீர் கலந்த பிறகும் பழைய இலைகள் நரம்புக்கு இடையில் வெளிறினால் மட்டும் போடுங்கள்.

வலிகாமத்துப் பாசி

ஐயா, இரும்புக்கு? கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை வீட்டில் இருக்கிறது. கரைத்து ஊற்றலாமா?

பழைய ஆய்வுகூடம்

ஊற்றினால் துருவாகும். சுண்ணாம்பு நீரில், பீ.எச். 8க்கு அருகில், சாதாரண இரும்பு உப்பு கொஞ்ச நேரத்தில் மண்ணிறத் தூளாக அடியில் விழுந்துவிடும், இலைக்கு எட்டாது. கடையில் விற்கும் திரவத்தில் இரும்பைப் பிடித்துவைக்க ஈ.டி.டி.ஏ. சேர்ப்பார்கள். அதுகூட நம் தண்ணீரில் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது.

வேர் வழியாகக் கொடுங்கள். வலிகாமத்தில் இருந்துகொண்டு இரும்புக்கு அலைகிறீர்களே! செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுதான். பயிர் செய்யாத, கிருமிநாசினி அடிக்காத இடத்தில் ஓர் அடி ஆழத்திலிருந்து எடுத்து, கல், வேர் பொறுக்கி, வெயிலில் காயவைத்துப் பொடித்து, நீர் விட்டுப் பிசைந்து கோலிக்குண்டு அளவு உருட்டிக் காயவிடுங்கள். கிரிப்டோகோரைன், லுட்விஜியா வேர்களுக்குப் பக்கத்தில் மணலுக்குள் ஆழமாக அழுத்துங்கள். ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் அந்த இரும்பு வேர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாறும். உருண்டையை மேலே வைத்தால் தண்ணீர் தேநீர் நிறமாகும்.

கிரிப்டோகோரைன் வென்ட்டி இந்தத் தீவுக்கே உரிய செடி, வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஆற்றங்கரைச் சேற்றில் வேர்விட்டு வாழ்வது. அதை வெறும் மணலில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் பசளை ஊற்றுவதை நான் என்றைக்கும் ஏற்றதில்லை.

மலைநாட்டுத் தொட்டி

கண்டியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குழாய் நீர் மென்மையானது, கிணற்றுக் கதை எங்களுக்குப் பொருந்தாது. இந்தியாவிலிருந்து வந்திறங்கிய நானோ நைதரசனைத் தொட்டிக்குப் போடலாமா?

கொட்டிக்கிழங்கு

அது இலைமேல் தெளிப்பதற்கென்று செய்த யூரியா வகை அக்கா. தொட்டிக்கு வேண்டாம்.

உங்களுக்கு மீன் தீனியே பசளை. நாற்பது சதவீதம் புரதமுள்ள தீனி 1 கிராமில் 64 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. எல்லாம் நைத்திரேற்றாக மாறினால் 60 லீற்றர் தொட்டியில் லீற்றருக்கு 4 முதல் 5 மில்லிகிராம் வரை. ஒரு பங்கு மீனின் உடலுக்குப் போகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பொஸ்பேற்றும் அதிலேயே வரும், அதனால்தான் இந்த இழையில் யாரும் பொஸ்பரசு தேடச் சொல்லவில்லை. கப்பிகளைக் கொஞ்சம் கூட்டி, தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆனால் வடிகட்டி நன்றாக ஓட வேண்டும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் வீடென்றால் மீனைக் கூட்டாதீர்கள்.

பருத்தித்துறை

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா இங்கே வரவே முடியாது. அப்போதும் என் அப்பாவின் சீமெந்துத் தொட்டியில் செடி இருந்தது. கிணற்று நீரும் குளத்துச் சேறும்தான். விளக்குக்கு மண்ணெண்ணெயே இல்லை, வெயில்தான் விளக்கு.

வலிகாமத்துப் பாசி | நவம்பர் 2021

ஐயாவுக்கும் கொட்டிக்கிழங்கு அண்ணாவுக்கும் நன்றி. கிணற்று நீரில் சோதனைத் திரவம் கடும் சிவப்பாகிவிட்டது, அட்டையில் 40க்கும் 80க்கும் இடையில் எங்கோ. பாதிக்குப் பாதி கலக்கிறேன். எம்.ஓ.பி. பக்கத்துத் தோட்டத்து மாமா ஒரு தயிர்க் கோப்பையில் தந்தார். ஹைக்ரோபிலாவின் பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் புதிதாக வந்த நான்கு அடுக்கு இலைகளில் ஓட்டை இல்லை. வலிஸ்னேரியா பச்சை பிடித்துவிட்டது. லுட்விஜியா மட்டும் இன்னும் வெளிறித்தான் நிற்கிறது. உருண்டை வைத்தும் ஏன்?

பழைய ஆய்வுகூடம்

லுட்விஜியா தண்டுச்செடி. புதிய வேர் உருண்டையைத் தொட நாளாகும். நுனியை வெட்டி, உருண்டைக்கு அருகிலேயே மறுபடி நடுங்கள். பழைய ஓட்டை இலைகள் தேறாது, கிள்ளிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும் தம்பி. அந்தக் கிணற்று நீரை வீட்டில் குடிக்கிறீர்களா? கர்ப்பிணி மாத்திரை வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வலிகாமத்துப் பாசி

அக்காவுக்கு ஜனவரியில் குழந்தை, ஐயா. குடிப்பது கலன் தண்ணீர். சமையலுக்குக் கிணறு.

பழைய ஆய்வுகூடம்

மீன்தொட்டிச் சோதனைத் திரவத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரி கொடுத்துச் சரியான அளவைப் பெறுங்கள். 50ஐத் தாண்டினால் குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்த நீர் ஆகாது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தை பிறக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கொடுங்கள்.