மாமரக் கணக்கெடுப்பு: ‘அம்பலவி மட்டும்’ −3 என்று வருகிறதே?

கொக்குவில் அப்பா:
மகள் 11ஆம் தரம். தொடைகள் (sets) பாடத்துக்காக எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் 60 வீடுகளில் எந்தெந்த இன மாமரங்கள் நிற்கின்றன என்று குறித்து வந்தோம். கறுத்தக்கொழும்பான் 34 வீடுகளில், வெள்ளைக்கொழும்பான் 25இல், அம்பலவி 20இல். கறுத்தக்கொழும்பானும் வெள்ளைக்கொழும்பானும் 12; வெள்ளைக்கொழும்பானும் அம்பலவியும் 8; கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் 10. மூன்றும் 5. இனத்துக்கு ஒன்றாக, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் கொண்ட வென் வரிப்படத்தின் நடுவில் 5, சுற்றிவர 12, 8, 10 என்று இட்டோம். அம்பலவி மட்டும் உள்ள வீடுகள் 20 − 10 − 8 − 5 = −3! மறுபடியும் படலை படலையாகப் போக வேண்டுமா?

நல்லூர் ஆசிரியர் (ஓய்வு):
வேண்டாம் தம்பி, எண்ணிக்கையில் பிழை இல்லை. நான் படிப்பித்த காலம் முழுவதும் பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். இரண்டு மரமும் நின்றால் 12இல் சேர்த்தீர்கள். மூன்றாவது நிற்கிறதா என்று அப்போது பார்க்கவில்லை அல்லவா? ஆகவே மூன்றும் நிற்கும் அந்த 5 வீடுகள் 12, 8, 10 மூன்றுக்குள்ளும் இருக்கின்றன. அவற்றைக் கழித்தால் 7, 3, 5. இனி அம்பலவி மட்டும் 20 − (3 + 5 + 5) = 7. அதேபோலக் கறுத்தக்கொழும்பான் மட்டும் 17, வெள்ளைக்கொழும்பான் மட்டும் 10. ஏழு பகுதிகளையும் கூட்டினால் 54.

வரிப்படம் இல்லாமலும் சரிபார்க்கலாம்: 34 + 25 + 20 = 79; 12 + 8 + 10 = 30; 79 − 30 = 49; 49 + 5 = 54. கடைசியில் ஏன் 5ஐக் கூட்டுகிறோம் என்பதை மகளே சொல்லட்டும். அந்த 5 வீடுகள் மூன்று தடவை எண்ணப்பட்டு, மூன்று தடவையும் கழிபட்டுவிட்டன. கணக்கிலேயே இல்லாமல் போனவற்றைத் திரும்பச் சேர்க்கிறோம். இதை விளங்காமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காது.

சுன்னாகம் மாணவி:
ஐயா, வினாவில் ‘இவ்விரண்டு மட்டும்’ என்று இருந்தால்?

நல்லூர் ஆசிரியர் (ஓய்வு):
அப்போது கழிக்கக் கூடாது பிள்ளை. எண்ணை அப்படியே இட வேண்டும். ‘மட்டும்’ என்ற சொல்லுக்குக் கீழே முதலில் கோடு போடுங்கள். எப்போதும் நடுவிலிருந்து வெளியே வாருங்கள்.

சென்னை வாசகர்:
இங்கே நாங்கள் ‘கணம்’ என்கிறோம். ‘தொடை’ என்றதும் சற்றுத் திகைத்துவிட்டேன். கணக்கு ஒன்றுதான்.

கொக்குவில் அப்பா:
மிக்க நன்றி ஐயா. 60 − 54 = 6 என்று வந்ததும் ‘மாமரம் இல்லாத வீடுகள்’ என எழுதப் போனேன்; மகள் தடுத்துவிட்டாள். கொப்பியைப் புரட்டினால், அந்த ஆறில் நான்கு வீடுகளில் விலாட் என்ற வேறு இன மாமரம் நிற்கிறது.