புதுப்பிப்பு: கூலர் டக்ட்டில் ஏசி

சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் மொட்டைமாடி டக்ட் கூலரைக் கழற்றிவிட்டு, அதே தகரக் குழாயில் ஏசி காற்றை விடலாமா என்று கேட்டிருந்தேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டார்.

குழாயை அப்படியே பயன்படுத்த முடியாதாம். கூலர் வெளிக்காற்றை ஈரமாக்கி உள்ளே தள்ளும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஏசிக்கு நேர் எதிர்: அறைக் காற்றே திரும்பிப் போக வேண்டும், அதற்குத் தனி ரிட்டர்ன் வழி வேண்டும். இன்சுலேஷன் சுற்றாத தகரத்தில் 13, 14 டிகிரி காற்று ஓடினால் வெளிப்பக்கம் வியர்த்துச் சுவரில் சொட்டும். மொட்டைமாடி வெயிலில் பாதிக் குளிர்ச்சி வழியிலேயே போய்விடும் (சித்திரையில் அந்தத் தகரத்தில் கை வைத்துப் பாருங்கள்!).

சரி, புது டக்ட்டுக்குச் செலவழிக்க மனமில்லை. படுக்கையறைக்கு மட்டும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. ஹாலுக்குக் கூலரே போதும், நம்மூர்க் காய்ந்த கோடையில் நன்றாகவே குளிர்கிறது. ஏசி அறைக்குள் வரும் கூலர் குழாயின் வாயை மட்டும் அடைத்துவிடச் சொன்னார், இல்லாவிட்டால் அந்த ஈரத்தை எடுக்கவே ஏசி கரண்டைத் தின்னுமாம்.