கவுலிங்: ‘முகப்புறை’ என்று வைக்கலாமா?

விமான என்ஜினைச் சுற்றி மாட்டும், கழற்றக்கூடிய கூட்டைத்தான் கவுலிங் (cowling) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் ஒருவர் சொன்னது:

> எந்திர மூடி என்றே போட்டுவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் மாதிரி விமானம் கட்டுகிறவரை ‘மூடி’ தப்பான வழியில் கொண்டுபோய்விடும். முன்வாயில் நுழையும் காற்று சிலிண்டரைக் குளிர்விக்கும் தகடுகளை உரசிக்கொண்டு பின்வழியே வெளியேற வேண்டும். வெளியேறும் வழி நுழையும் வழியைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமான கணக்கு. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பின்பக்கத்தை அடைத்துவிட்டால் காற்று உள்ளேயே தேங்கும், என்ஜின் சூடேறிப் பறக்கும்போதே நின்றுபோகும்.

பெரிய விமானங்களிலும் அது வெறும் மூடியல்ல. 1928-ல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஃபிரெட் வைக் குழுவினர் உருவாக்கிய கவுலிங்கை கர்ட்டிஸ் ஏடி-5ஏ விமானத்தில் மாட்டியபோது, காற்றுத்தடை குறைந்து, அதே என்ஜினோடு உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலுக்கு ஏறியது. அமெரிக்க விமானத் துறையின் உயரிய விருதான காலியர் கோப்பை 1929-ஆம் ஆண்டுக்கு இதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. இவ்வளவு வேலை செய்யும் பாகத்தை மூடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தலையை மூடும் துணியைக் குறிக்கும் ‘கவுல்’ என்ற ஆங்கில மூலச்சொல்லுக்கு ‘முக்காடு’ நெருக்கம்தான், ஆனால் பட்டறையில் யார் வாயிலும் வராது. ‘எந்திர உறை’ நல்ல சொல். என்ஜினின் சுழல்தண்டு இருக்கும் கிராங்க் அறையின் வார்ப்பு உடலையும் அப்படியே சொல்லத் தோன்றும் என்பதுதான் சிக்கல். உறையை விடாமல் முன்னால் ‘முகப்பு’ சேர்த்தால் குழப்பம் தீரும். வாளுறையோ தலையணை உறையோ, ஒரு வாய் திறந்திருக்கும், வேண்டும்போது கழற்றலாம். இதுவும் அப்படித்தான்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு செய்முறையை எழுதிப் பார்த்தேன்:

“ஊசித் திருகு (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைப்பது), சைலன்சர், பிடிகட்டைகள் (முகப்புறையைத் திருகி மாட்டும் கட்டைகள்) இருக்கும் இடங்களுக்கு நேராகக் கெட்டிக் காகிதப் பட்டைகளை உடற்பகுதியில் ஒட்டி முன்பக்கம் நீட்டவும். துளை வர வேண்டிய இடத்தைப் பட்டையில் குறித்து, பட்டையைப் பின்னால் மடக்கவும். முகப்புறையை மாட்டி, ஸ்பின்னரின் (ப்ரொப்பெல்லர் நடுவில் உள்ள கூம்பு) பின்தட்டுக்கும் அதற்கும் சுமார் 2 மி.மீ. இடைவெளி விட்டு டேப்பால் நிறுத்தவும். பட்டையை மறுபடி முன்னால் விரித்தால், வெட்ட வேண்டிய இடம் முகப்புறையின் மேல் சரியாக விழும்.

“பிடிகட்டைக்கு மெதுவான பால்சா மரம் வேண்டாம், கடின மரத்தை எபாக்சியால் ஒட்டவும். திருகை ஒருமுறை ஏற்றி இறக்கி, அந்தத் துளையில் நீர்த்த சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு நன்றாக உலர விட்டால் மரத்தில் புரி கெட்டிப்படும். திருகின் தலைக்கடியில் சிலிகோன் எரிபொருள் குழாயிலிருந்து வெட்டிய சிறு வளையம் ஒன்றைப் போடவும். அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஃபைபர்கிளாஸ் துளையைச் சுற்றிக் கீறல் விடும்.”

படிக்கும்போது எங்கும் தடுக்கவில்லை. காற்று வெளியேறும் வழியைத் திறந்து மூடும் கவுல் ஃபிளாப்புக்கு ‘உறைமடல்’ என்று கிளைச்சொல்லும் எளிதாக வருகிறது. ‘பிடிகட்டை’ இங்கே நான் வைத்தது. தச்சர்களிடம் வேறு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்வோம்.

ப்ரொப்பெல்லர் பின்னால் இருக்கும் விமானங்களில் என்ஜினும் வால்பக்கம் போய்விடும், அங்கே ‘முகப்பு’ பொருந்தாது. அவற்றுக்குப் ‘பின்னுறை’ எனலாம். டவுனெண்ட் வளையத்தை வளையம் என்றே விடலாம். அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் குறுகிய பட்டைதான், உறை ஆகாது.