பக்கத்து ஹோம்ஸ்டேயில் நடுராத்திரி கரவோக்கே: கதவில் விதி ஒட்டினால் போதுமா?
(மலேசிய இணைய உரையாடல்; பேசுபவர்கள் புனைபெயரில்)

மூணாவது லைன்:
சுங்கை சிப்புட்ல எங்களுது வரிசை வீடு. பக்கத்து வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கிட்டாங்க. போன வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு வந்தவங்க ராத்திரி 1.40 வரைக்கும் கரவோக்கே பாடினாங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஸ்பீக்கர் அதிர அதிர எங்க அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்துக்கிட்டே இருந்துச்சு. அம்மா இன்னும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்குறாங்க. வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிடும், அதனால 4.30க்கு எழுந்தாகணும். அன்னிக்கு நெத்தி விளக்கை மாட்டினபடியே வாசப்படியில உட்கார்ந்து தூங்கிட்டாங்க. வீட்டுக்காரருக்கு ஆறு தடவை போன் போட்டேன், எடுக்கவே இல்ல.

வீட்டுக்காரம்மா:
தம்பி, அம்மாவை நினைச்சா மனசு கேக்கல. ஆனா எல்லாரையும் ஒண்ணா சேர்த்துப் பேசாதீங்க. நானும் ரெண்டு வீடு விடுறேன். 10 மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு மூணு மொழியில ஒட்டியிருக்கேன், 200 வெள்ளி டெபாசிட் வாங்குறேன். தங்கும் வீடு பதிவு செய்யுற ஏர்பிஎன்பி தளமும் 2022லயே பார்ட்டிக்கு நிரந்தரத் தடை போட்டுடுச்சு. நம்ம வீட்டு விசேஷத்துல உறுமி மேளம் அடிக்கலையா?

மூணாவது லைன்:
அக்கா, விசேஷம்னா முதல் நாளே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வருவோம். இது வாராவாரம் நடக்குது, வர்றவங்க யாருன்னே தெரியாது. டெபாசிட்டைப் பிடிச்சா பணம் உங்களுக்கு. போன தூக்கம் எங்களுக்கு.

கொண்டோவாசி:
நிர்வாகக் கூட்டத்தில் குறுகிய கால வாடகைக்குத் தடை போடுங்கள். கோலாலம்பூர் மோன் கியாரா அடுக்குமாடி வழக்கில் 2020இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே அப்படிப்பட்ட தடை செல்லும் என்று சொல்லிவிட்டது.

முன்னாள் கிராணி:
அந்தத் தீர்ப்பு கூட்டு நிர்வாகம் உள்ள அடுக்குமாடிகளுக்கு. தரை வீட்டுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தீர்மானம் போட யார் இருக்கிறார்கள்? நமக்கு நகராண்மைக் கழகமும் போலீசும்தான். சுற்றுச்சூழல் துறையின் ஒலி வழிகாட்டியில் இரவு என்பது 10 மணி முதல் காலை 7 மணி வரை. புகார் எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள், தேதியும் நேரமும் சேர்த்து.

வீட்டுக்காரம்மா:
போலீஸ் வரைக்கும் எதுக்கு? சத்தத்தை அளக்குற கருவி இருக்கு. பேச்சைப் பதிவு செய்யாது, டெசிபல் மட்டும்தான். படுக்கையறையில வைக்கக் கூடாது, விருந்தாளிகிட்ட முன்னாடியே சொல்லிடணும். சத்தம் கூடினா என் போனுக்குத் தகவல் வரும்.

மூணாவது லைன்:
நீங்க இருக்கிறது ஈப்போவுல. தகவல் வந்து, நீங்க கிளம்பி வர்றதுக்குள்ள அம்மா எழுந்திரிக்கிற நேரம் வந்திடும். நான் கேக்குறது ஒண்ணுதான். ராத்திரியில கதவைத் தட்ட ஹோம்ஸ்டே இருக்கிற தாமான்லயே ஓர் ஆள் வேணும். அவர் நம்பர் ரெண்டு பக்கத்து வீட்லயும் இருக்கணும்.

முன்னாள் கிராணி:
நியாயமான கேள்வி. ஆள் வைக்க முடியாதவர் ஹோம்ஸ்டே நடத்தக் கூடாது என்பேன்.

வீட்டுக்காரம்மா:
அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க ஐயா. அந்த வாடகையிலதான் மகளோட படிப்பு ஓடுது. சரி, ஆள் பார்க்கிறேன், சாவியும் கொடுத்து வைக்கிறேன். ஆனா சனிக்கிழமை மட்டும் 11 மணின்னு வைங்க.

மூணாவது லைன்:
ஆளுக்கு நன்றி அக்கா. 11க்கு என்னால சரின்னு சொல்ல முடியாது.