வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்திடம் எவற்றை எழுதி வாங்க வேண்டும்?

கேள்வி (வில்லாபுரம்): பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் தாயாருக்கு மூக்குக் குழாய் வழியாகவே உணவு கொடுக்கிறோம். நான்கு மாதங்களில் மூன்று பணிப்பெண்களை நிறுவனம் மாற்றி அனுப்பியது. முந்தையவர் கொடுத்ததை அடுத்தவர் அறியாததால், சென்ற வாரம் இரத்த அழுத்த மாத்திரை இருமுறை கொடுக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தத்தில் எவற்றைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், திருமங்கலம்): முதலில் ஒரு பதிவேடு வேண்டும், ஐயா. மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், கையொப்பம் ஆகியவற்றைக் கொடுத்த உடனேயே எழுத வேண்டும். பணி மாறும்போது இருவரும் அதைச் சேர்ந்து படித்த பின்னரே முந்தையவர் கிளம்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததும் அதில் இருந்தால்தான் படுக்கைப் புண்ணைத் தடுக்க முடியும். குழாய் வழியே உணவு கொடுக்கும்போதும், அதன் பின் அரை மணி நேரமாவது, தலைப்பக்கம் குறைந்தது 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். செவிலியர் என்று அனுப்பப்படுபவரிடம் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பணிப்பெண்ணையே செவிலியர் என்று சொல்லி அனுப்புவது உண்டு; அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பதில் (மேலூர்): 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பதில் (உசிலம்பட்டி): நான் இந்த வேலை பார்ப்பவள். இரவு முழுவதும் விழித்திருப்பவருக்கு ஓய்வு நேரமும், கனமான நோயாளியைத் தூக்க இன்னொருவர் துணையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், அண்ணா. களைப்பில்தான் எனக்கும் ஒருமுறை மருந்து மாறிப்போனது.